பிறர் மனமும் நமது விமர்சனமும்

தான் அனுபவிக்காத வாழ்வை எவராலும் கதையாக்க முடியாது என்பது நமது விமர்சனத்தில் ஊறிப்போன கருத்து. நானும் அவ்வாறு எழுதியவன்தான். கனடாவைச் சேர்ந்த கே.சி. என்பவரைப் பற்றி வாசித்தபின் தயங்குகிறேன்.

1981இல் மோட்டார் சைக்கிள் விபத்தொன்றில் மூளை பாதிக்கப்பட்ட அவருக்குத் தன் வாழ்வின் சம்பவம் ஒன்றேனும் நினைவில்லை. நாளை என்ன செய்வீர்கள் என உளவியலாளர் எண்டல் டல்விங் கேட்டபோது, மனம் வெறுமையாக இருப்பதாகவே சொன்னார். ஆயினும் 2007இல் வெளியான ஆய்வின்படி, பிறரது எண்ணங்களை ஊகித்தறியும் சோதனைகளில் அவர் எவருக்கும் சளைத்தவரல்லர். இறந்தகாலமும் எதிர்காலமும் ஒருசேர அழிந்தன. அடுத்தவர் மனதை அறிதல் மட்டும் தப்பியது.

ஒரு நோயாளியை வைத்து இலக்கியக் கோட்பாடு வகுக்க முடியாதுதான். எனினும் பிற சமூகத்தவரை எழுதும் கதாசிரியரிடம், 'நீர் அங்கு வாழ்ந்தீரா?' என்பதைவிட, 'அவர்களின் மனதைச் சரியாகக் கண்டீரா?' எனக் கேட்பதே நியாயம்.