மெட்டின் உடைமையும் மீளிசைப்பும்: ஓர் இரசிகர் இசைத்தொகுப்புப் பற்றிய நோக்கு

மெட்டு யாருக்கு உரியது? மட்டக்களப்பின் எழுவான்கரையிலே, களுவாஞ்சிக்குடி போன்ற ஊர்களிலே கூத்துக் களரியை அறிந்தோருக்கு இவ்வினா வியப்பளிக்கக்கூடும். வரவுத் தருவின் மெட்டு அண்ணாவியாரிடமிருந்து மாணாக்கருக்கும், ஓரூரிலிருந்து மற்றோரூருக்கும் சென்றது. சென்ற இடத்திலே ஆடுவோரின் குரலுக்கும் மத்தளத்தின் நடைக்கும் ஏற்ப மாறியது. மாற்றியவரிடம் எவரும் உரிமப் பத்திரம் கேட்டதில்லை. ஆயின், இசை பெரும்பாலும் பண்டமாகிவிட்ட இன்றைய சூழலில் அவ்வினா தவிர்க்கவியலாதது. அதனை ஆராய்வதற்குத் தக்க சான்றாக, 2013 ஆம் ஆண்டில் வெளியான 'பலன்ஸ் அன்ட் ருயின்' (சமநிலையும் சிதைவும்) என்னும் இசைத்தொகுப்பினை இங்கு நோக்குவோம்.

யப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1994 இல் வெளியிட்ட 'பைனல் பான்டஸி 6' என்னும் வீடியோ விளையாட்டுக்கு நொபுவோ உவெமட்சு அமைத்த இசையே இத்தொகுப்பின் மூலம். அதனை மீளிசைத்தோர் அந்நிறுவனத்தினர் அல்லர். விளையாடி மகிழ்ந்த இரசிகர்களே. 1999 இல் டேவிட் லொயிட் தொடங்கிய 'ஓவர்குளொக்ட் ரீமிக்ஸ்' என்னும் அமைப்பின் வழியாக ஒன்றிணைந்த இவர்கள், அன்ட்ரூ அவெர்சாவின் நெறிப்படுத்தலில் ஐந்து இறுவட்டுகள் கொண்ட தொகுப்பை உருவாக்கி, எவரும் கட்டணமின்றிப் பெறுமாறு வழங்கினர்.

மூல இசையின் இயல்பு அதன் உற்பத்திக் கருவியோடு பிணைந்தது. அக்காலத்து விளையாட்டுப் பொறியின் ஒலிச்சில்லு ஒரே நேரத்தில் எட்டு ஒலிகளையே எழுப்பவல்லது. அதன் நினைவகம் 64 கிலோபைட் மட்டுமே. இந்நெருக்கடிக்குள் இசையமைப்பாளர் தெளிவான, மனத்தில் நிலைக்கும் மெட்டுகளையே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. விளையாட்டில் ஆடத்தக்க பாத்திரங்கள் 14. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்குத் தனித்தனி மெட்டு உண்டு. அரசனுக்கும் தோழிக்கும் வெவ்வேறு வரவுத் தருவும் தாளக்கட்டும் கேட்டுப் பழகிய நமக்கு இம்முறை அந்நியமானதன்று. ஓபரா அரங்கக் காட்சியில் பாத்திரம் பாடுகையில், மனிதக் குரலைத் தர இயலாத பொறி குரல்போன்ற ஓர் ஒலியையே எழுப்பிற்று. இரசிகரின் மீளிசைப்பு இத்தகைய இடைவெளிகளிலேயே பிறக்கிறது. அன்று தாம் கற்பனையில் நிரப்பிக் கேட்டதை இன்று அவர்கள் கருவிகளால் நிரப்புகின்றனர். அவ்வகையில் இது நுகர்வோன் படைப்பாளியாகும் நிகழ்வு எனலாம்.

எனினும் தொகுப்பின் குறையையும் சுட்டுதல் வேண்டும். மூல விளையாட்டின் கதையில் உலகம் இடைநடுவே அழிகிறது. சிதறிய மாந்தர் மீண்டும் ஒன்று சேர்கின்றனர். மெட்டுகள் திரும்பத் திரும்ப ஒலிக்கும்போது அவற்றின் பொருளும் மாறுகிறது. எழுபதுக்கும் மேற்பட்ட உருப்படிகளைக் கொண்ட இத்தொகுப்பிலோ, ரொக், ஜாஸ், மின்னிசை எனப் பாணிகள் அடுத்தடுத்து வர, ஒவ்வொன்றும் தனித்திறன் காட்டும் உருப்படியாக நின்றுவிடுகிறது. கூட்டு முயற்சியாக உருவானது கூட்டுக் குரலாக ஒலிக்கவில்லை.

உடைமை பற்றிய முரண்பாடு 2012 இல் வெளிப்பட்டது. இறுவட்டுகளை அச்சிடுவதற்காக 50,000 டொலர் இலக்குடன் பொதுமக்களிடம் நிதி திரட்ட முற்பட்டபோது, இன்று ஸ்கொயர் எனிக்ஸ் எனப்படும் உரிமையாளர் நிறுவனம் தலையிட, முயற்சி நிறுத்தப்பட்டது. பின்னர் இணக்கம் ஏற்பட்டு மீளத் தொடங்கியபோது ஒன்றரை இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. நிறுவனத்துக்கு உரிமக் கட்டணம் உண்டு. மீளிசைத்த கலைஞருக்கு ஊதியம் இல்லை. உவெமட்சுவும் 1986 முதல் 2004 வரை அந்நிறுவனத்தில் ஊழியராகவே இருந்தவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆக, மெட்டை அமைத்தவரும் அதனை மாற்றிப் புதுக்கியவரும் உழைத்தனர். உடைமை மட்டும் மூன்றாவது தரப்பிடம் தங்கியது. உழைப்புக்குக் கூலி கேளாதவரை இரசிகரின் சுதந்திரம் சகித்துக்கொள்ளப்படுகிறது என்பதே இதன் உட்பொருள்.

இதனாற் கூத்து மரபைக் குறைபாடற்ற பொதுவுடைமையாகச் சித்திரிப்பது வரலாற்றுக்குப் புறம்பாகும். களரியில் யார் ஆடலாம், யாருக்கு முதன்மை என்பதைச் சாதியும் ஊர்ப் பெரியோரின் அதிகாரமும் தீர்மானித்தன. பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடினர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் பேராதனையில் 'கர்ணன் போர்' கூத்தைச் செம்மைப்படுத்தி மேடையேற்றியபோது, விடியவிடிய ஆடப்பட்ட கலை நகர அரங்குக்கேற்பச் சுருங்கியது. அதனால் அக்கலைக்குப் புதிய மதிப்புக் கிட்டியது உண்மை. கிராமத்து அண்ணாவிமாரின் இடம் யாது என்ற வினாவும் உடன் எழுந்தது. 2002 முதல் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், ஆடும் சமூகத்தையே மாற்றத்தின் கர்த்தாவாக்க முயன்றமை இவ்வினாவுக்கான ஒரு விடையாகும்.

மேற்குறித்த இரசிகர் அமைப்பு, மூலத்தை அப்படியே பிரதி செய்வதையும் ஏற்பதில்லை. மூலம் அடையாளம் தெரியாவண்ணம் மாற்றுவதையும் ஏற்பதில்லை. நல்ல அண்ணாவியாரின் நெறியும் இதுவே. ஆனால் அண்ணாவியார் ஊருக்கு விடை சொன்னார். ஊர் அவருக்கு நெல்லும் மதிப்பும் அளித்தது. இத்தொகுப்பின் கலைஞருக்கோ கைதட்டல் உண்டு, உரிமை இல்லை. இலவசமாகக் கிடைக்கும் கலையெல்லாம் விடுதலை பெற்ற கலை அன்று. மீளிசைப்போரின் ஆற்றலைப் போற்றும் நாம், அவர்தம் உழைப்பின் பயன் எவரைச் சேர்கிறது என்றும் கேட்டல் வேண்டும். அவ்வினாவை எழுப்பாத இரசனை, எத்துணை நுண்மையானதாயினும், அரைகுறையானதே.