சவுண்ட் செக்

சொந்தப் பாட்டுகளோடு மேடையேறும் சின்ன இசைக்குழுக்களின் நிகழ்ச்சி என்றால் சீக்கிரமே போய்விடுவேன், சவுண்ட் செக் பார்க்கத்தான். ஆளில்லாத ஹாலில் முதலில் கிக் டிரம் மட்டும் ‘தும்... தும்...’ என்று விழும். மிக்சரில் இருப்பவர் கை காட்டும்வரை டிரம்மர் அதே அடியைச் சலிக்காமல் அடிப்பார். வேகம் கூட்டமாட்டார், வித்தை காட்டமாட்டார். பிறகு ஸ்னேர், பேஸ், கிட்டார், கடைசியில் குரல். ஒருவர் முறை நடக்கையில் மற்றவர் தந்தியைத் தொடுவதில்லை. “மானிட்டர்ல என் குரலைக் கொஞ்சம் ஏத்துங்கண்ணா” என்பார் பாடகர். அந்த ‘அண்ணா’விலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

பாட்டு வரிசையைத் தடித்த மார்க்கரில் எழுதிக் காலடியில் டேப் போட்டு ஒட்டுவார்கள். மங்கிய வெளிச்சத்திலும் தெரிய வேண்டுமே. நிகழ்ச்சி முடிந்ததும் கேபிளை முழங்கையில் சுற்றி முறுக்கேற்றாமல், ஒரு வளையம் மேலாக, அடுத்தது கீழாக என்று கையிலேயே சுருட்டுவார்கள். அடுத்த முறை உதறினால் சிக்கில்லாமல் நீளும். போஸ்டரும் ரீல்ஸும் கூட்டத்தை ஒருமுறை வரவழைக்கும். சொன்ன நேரத்தில் தொடங்கி, அடுத்த குழுவுக்கு மேடையைச் சுத்தமாக விட்டுப்போகிறவர்களை அரங்கக்காரரே மறுபடி கூப்பிடுவார்.