பாலகோபால்: பிந்தி வந்த ஒரு சரியான முடிவு

கே. பாலகோபால் 2009 அக்டோபர் 8 அன்று ஹைதராபாத்தில் காலமானபோது அவருக்கு வயது 57. அப்போது வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை அவருடைய எளிமையையும் துணிச்சலையும் வியந்தன. இரண்டும் உண்மைதான். ஆனால் வியப்பு திறனாய்வாகாது. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். வாரங்கல் காகதீயப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் வேலையை 1985-இல் விட்டு வந்தவர். கால் நூற்றாண்டு மனித உரிமைக் களத்தில் நின்றவர். அவர் சாதித்தது என்ன, தவறியது எங்கே, அவருடைய வாழ்வின் மிகப் பெரிய முடிவு சரியானதுதானா என்று கேட்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

அவர் பணியின் அடித்தளம் உண்மை அறியும் அறிக்கைகள். ஆந்திரத்தில் ‘என்கவுன்டர்’ நடந்தால் போலீஸ் தரும் செய்தி ஒரே வார்ப்பில் இருக்கும்: ரோந்து போனோம், அவர்கள் முதலில் சுட்டார்கள், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம், சிலர் இறந்தார்கள், மற்றவர்கள் இருட்டில் தப்பிவிட்டார்கள். அடுத்து முதல் தகவல் அறிக்கை. அதில் குற்றவாளியாக எழுதப்படுபவர் செத்தவர். போலீசாரைக் கொல்ல முயன்றதாக, அப்போது நடைமுறையிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 307-ஆம் பிரிவில் அவர்மேல் வழக்குப் பதிவாகும். குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு இல்லாததால் வழக்கு முடித்துவைக்கப்படும். சுட்டது யார், சுட வேண்டியிருந்ததா என்ற கேள்விகள் எந்த நீதிமன்றத்துக்கும் போகாது. இந்தக் காகிதச் சுவரை உடைக்க ஒரே வழி ஊருக்குப் போவது. இறந்தவரைக் கடைசியாக யார் பார்த்தார்கள், எந்த நாளில் யார் பிடித்துப்போனார்கள், உடலைச் சொந்தக்காரர்களிடம் காட்டினார்களா, காயம் எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவது. 1983-இல் ஆந்திரப் பிரதேச சிவில் உரிமைக் குழுவின் பொதுச்செயலாளரான பாலகோபால் இந்த வேலையை ஒரு துறையாகவே வளர்த்தார்.

அதற்கு அந்த அமைப்பு கொடுத்த விலை பெரிது. 1985 செப்டம்பர் 3 அன்று அமைப்பின் துணைத்தலைவர், குழந்தை மருத்துவர் ராமநாதம், வாரங்கல்லில் தம் மருத்துவமனையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அமைப்பைச் சேர்ந்த வழக்கறிஞர் நர்ரா பிரபாகர் ரெட்டி 1991-இல் கொல்லப்பட்டார். பாலகோபால் 1985-இல் சிறை சென்றார், 1989-இல் கடத்தப்பட்டார். பின்னர் நான் சொல்லப்போகும் குற்றச்சாட்டை எடைபோடும்போது இந்தச் சாவுகளை மறந்துவிடக் கூடாது.

அரசியல் விமர்சகர் என்ற முறையில் அவருக்கு இணையாகச் சொல்ல இந்தியாவில் சிலரே உண்டு. ‘எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லி’யில் எழுதிய கட்டுரைகளில் அவர் கோட்பாட்டிலிருந்து கீழே இறங்கி வருவதில்லை, ஊரிலிருந்து மேலே ஏறுகிறார். 1987-இல் அவர் வரைந்து காட்டிய மாகாணச் சொத்துடைமை வர்க்கம் இதற்கு நல்ல சான்று. சொந்த ஊரில் நிலம், பக்கத்து நகரத்தில் சினிமாக் கொட்டகை, சீட்டு நிறுவனம், அரசு கான்ட்ராக்ட், நர்சிங் ஹோம் என்று கை பரப்பிய குடும்பங்கள். என்.டி. ராமராவின் தெலுங்கு தேசத்தைத் தெலுங்கர் சுயமரியாதையின் எழுச்சியாகவோ திரைக் கவர்ச்சியாகவோ மட்டும் பலர் பார்த்த காலத்தில், அதன் முதுகெலும்பு இந்தக் குடும்பங்கள் என்று அவர் காட்டினார். 2004-இல் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி முதல்வரானபோது பத்திரிகைகள் பாதயாத்திரை நாயகனைக் கொண்டாடின. பாலகோபால் கடப்பையின் கோஷ்டி அரசியலிலிருந்தும் பேரைட் சுரங்கத்திலிருந்தும் அந்தத் தலைவரின் கதையைத் தொடங்கினார். மண்டல் எதிர்ப்புக் கலவரம் பற்றியும், பட்டியல் சாதியினரின் இட ஒதுக்கீட்டை உட்பிரிவு செய்யும் மாதிகர் கோரிக்கை பற்றியும் அவர் எழுதியவை இன்று படித்தாலும் வாதம் தளரவில்லை.

குறையும் உண்டு. அந்தக் கட்டுரைகள் உதிரியாகவே நின்றுவிட்டன. 1988-இல் அவருடைய நூல் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு சாதி, நிலம், அரசு மூன்றையும் இணைத்து ஆந்திரத்தைப் பற்றி ஒரு முழு நூல் எழுத அவரைவிடத் தகுதியானவர் இல்லை. அதை அவர் எழுதவில்லை. அவர் இறந்தபின் பிறர் தொகுத்தவற்றில்தான் பெரும்பாலும் நாம் அவரைத் தேடவேண்டியிருக்கிறது. அடுத்த ஊருக்குப் பஸ் ஏறவேண்டியிருந்தது என்பது காரணமாக இருக்கலாம். இழப்பு இழப்புதான்.

இனி 1998. பதினைந்து ஆண்டு பொறுப்பிலிருந்த அமைப்பை விட்டு விலகி, நண்பர்களோடு மனித உரிமை மேடையைத் தொடங்கினார். பிளவின் மையம் நக்சலைட்டுகளின் வன்முறை. பழைய அமைப்பின் வாதத்தை மலிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக உறுதி தந்திருப்பது அரசு. எனவே சிவில் உரிமை அமைப்பு கேள்வி கேட்க வேண்டியது அரசிடம். உறுப்பினர்கள் சுடப்பட்டுக்கொண்டிருக்கும்போது போராளிகளைக் கண்டித்தால் அது போலீசின் கையில் ஆயுதமாகும். இதில் அறிவும் இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது.

ஆனாலும் நான் பாலகோபால் பக்கம் நிற்கிறேன். அரசை மட்டுமே கேள்வி கேட்பது என்ற எல்லைக்கோட்டை அந்த இயக்கமே முன்னர் தாண்டியிருந்தது. 1985 ஜூலையில் காரம்சேடுவிலும் 1991 ஆகஸ்டில் சுண்டூரிலும் தலித்துகளை வெட்டியவர்கள் ஆதிக்க சாதியினர். அரசு ஊழியர்கள் அல்லர். அந்த ஊர்களுக்கு உரிமை இயக்கத்தினர் போனார்கள், போனது சரி. ஆதிக்க சாதிக்காரன் கொன்றால் அது உரிமைப் பிரச்சினை, ஆனால் ‘போலீஸ் உளவாளி’ என்று முத்திரை குத்தி ஓர் ஏழையை நக்சலைட் ஆயுதக் குழு கொன்றால் அது அரசியல் பிரச்சினை என்று எப்படிச் சொல்ல முடியும்? அவன் மனைவிக்கு இந்த வேறுபாடு என்ன? பாலகோபால் இரு தரப்பையும் சமமாக்கிவிட்டார் என்ற குற்றச்சாட்டும் நிற்காது. அரசு சட்டப்படி பதில் சொல்ல வேண்டும், போராளிகள் தாம் யாருக்காகப் போராடுகிறார்களோ அந்த மக்களிடம் பதில் சொல்ல வேண்டும் என்ற வேறுபாட்டை அவர் கடைசிவரை விடவில்லை. விலகியபின் அவர் போலீசின் நண்பராகிவிடவும் இல்லை. மாவோயிஸ்டுகளுக்கு எதிராகச் சத்தீஸ்கரில் அரசு ஆதரவோடு இயங்கிய சல்வா ஜுடும் பற்றி 2006-இல் அவர் எழுதியதைப் படித்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

என் குற்றச்சாட்டு வேறு. முடிவு சரி, வந்தது பிந்தி. உளவாளி என்ற பெயரில் நடந்த கொலைகள் 1990-களில் புதிதாகத் தொடங்கியவை அல்ல. அந்தக் கிராமங்களை அவரைப்போல் அறிந்தவர் குறைவு. அப்படியிருந்தும் அவர் எழுத்தில் இந்தக் கேள்வி கறாராக எழுந்தது 1990-களின் நடுவில்தான். ராமநாதத்தின் இரத்தம் காயாத காலத்தில் அமைப்பின் பொதுச்செயலாளர் அதைப் பேசியிருக்க முடியாது என்பார்கள். பொதுச்செயலாளருக்கு அது பொருந்தும். விமர்சகருக்குப் பொருந்தாது. தம் பெயரில், தம் பொறுப்பில் எழுத அவருக்கு ஒரு வாரப் பத்திரிகையின் பக்கங்கள் திறந்திருந்தன. அந்த ஆண்டுகளில் செத்த ஏழைகளுக்கு அவர் பேனாதான் ஒரே நம்பகமான சாட்சியாக இருந்திருக்கும்.

தாமதத்துக்கு இன்னொரு விலையும் இருந்தது. பத்து ஆண்டுகள் முன்னதாக இந்த விவாதம் தொடங்கியிருந்தால் இயக்கம் பிளவுபடாமலே மாறியிருக்கலாம். 1998-இல் விவாதம் பிளவு என்ற ஒரே முடிவில்தான் போய் நிற்க முடியும் என்ற நிலை வந்துவிட்டது.

விலகியபின் வழக்கறிஞராகவும் ஆனார். அந்தப் பாதையில் இயக்கம் தொட்ட உச்சம் 2009 பிப்ரவரியில் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு தந்த தீர்ப்பு: ஒவ்வொரு என்கவுன்டர் சாவுக்கும் சுட்டவர்கள்மேல் வழக்குப் பதிய வேண்டும், தற்காப்பு என்பதை விசாரணையில்தான் நிரூபிக்க வேண்டும். மனுதாரர் அவர் விட்டுவந்த பழைய அமைப்பு என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். பிளவு அதை முடக்கிவிடவில்லை. உச்ச நீதிமன்றம் சில வாரங்களில் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. 2014-இல் வேறொரு வழக்கில் அது தந்த வழிகாட்டு நெறிகள் வரவேற்கத்தக்கவை என்றாலும் அந்த அளவுக்குக் கூர்மையானவை அல்ல. அடுத்த ஆண்டே, 2015 ஏப்ரல் 7 அன்று, சேஷாசலம் காட்டில் 20 தமிழ்க் கூலித் தொழிலாளிகள் செம்மரக் கடத்தல்காரர்கள் என்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்ற அதே அறிக்கை வந்தது. திருவண்ணாமலை, தருமபுரிக் குடும்பங்கள் பாலகோபால் என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் வாழ்நாளெல்லாம் கேட்ட கேள்வியைத்தான் அவர்களும் கேட்க வேண்டியிருந்தது.

அமைப்பைக் கட்டுவதில் அவர் தோற்றார், மனித உரிமை மேடை ஒரு தனிமனிதரின் நிழல் என்றும் சொல்வார்கள். வாகபல்லி வழக்கு அதை மறுக்கிறது. 2007 ஆகஸ்டில் விசாகப்பட்டினம் மலைப்பகுதியில் 11 பழங்குடிப் பெண்கள் நக்சலைட் எதிர்ப்புச் சிறப்புப் படையான கிரேஹவுண்ட்ஸ் போலீசார்மேல் பாலியல் வன்முறைப் புகார் கொடுத்தார்கள். பாலகோபால் போனபின்னும் அந்த மேடை அவர்களோடு நின்றது. 2023 ஏப்ரலில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. விசாரணையின் குறைபாட்டைச் சொல்லி, பெண்களுக்கு இழப்பீடும் வழங்கச் சொன்னது. அது வெற்றியல்ல. ஆனால் நிறுவனர் மறைந்தபின் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒரு வழக்கைத் தூக்கிச் சுமந்த அமைப்பை நிழல் என்று ஒதுக்க முடியாது.

வாரிசு இல்லாமல் போனது அவருடைய விமர்சனத்துக்குத்தான். 2014-இல் மாநிலம் இரண்டானது. அவர் அடையாளம் காட்டிய அந்தக் குடும்பங்கள் இன்று ஹைதராபாத்தின் மனை வணிகத்திலும் கல்லூரிகளிலும் இரண்டு சட்டமன்றங்களிலும் இருக்கின்றன. அவர்களை ஊர் ஊராகப் பின்தொடர்ந்து, நிலத்தையும் சாதியையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதும் ஒரு கட்டுரையாளரை நான் படித்தவரையில் இன்னும் காணவில்லை.