புதுச் சக்கரம் பூட்டும் அழகு

ரோடு பைக்குக்குப் புதுச் சக்கரம் வாங்கியவர்கள் அதன் எடையைச் சொல்வார்கள், விலையைச் சொல்வார்கள். எனக்கோ அதை வண்டியில் பூட்டும் அரைமணி நேரம்தான் பெரிய சுகம். ஒரு பாகம் இன்னொன்றோடு பொருந்துகிற அழகைக் கண்ணாலும் விரலாலும் காதாலும் அனுபவிக்கிற நேரம் அது.

நாக்ஸ்பேட்டை என்றிருந்து, பிறகு மர்பி என்ற பொறியாளரின் பெயரைப் பெற்ற எங்கள் பெங்களூரு மர்பி டவுனில், மூட்டை சுமக்கும் கறுப்பு சைக்கிளும் உண்டு, ஞாயிறு விடியலில் நந்தி மலைக்குக் கிளம்பும் ரோடு பைக்கும் உண்டு. இரண்டையும் தாங்குவது போக்ஸ் கம்பிதான்.

அந்தக் கம்பி சுமார் இரண்டு மில்லிமீட்டர் தடிமன். தரையில் ஊன்றி உள்ளங்கையால் அழுத்தினாலே வளைந்துவிடும். ஆனால் எல்லாக் கம்பிகளையும் இழுத்துக் கட்டிவிட்டால் ஆளையும் வண்டியையும் சுமக்கிறது. 1874-ல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளைச் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலிருந்து நேராக விடாமல் சாய்த்துக் கோக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மிதிக்கும் விசை ஹப்பிலிருந்து ரிம்முக்குப் போவது அந்தச் சாய்வினால்தான். பின் சக்கரத்தைக் கையில் நிறுத்திப் பாருங்கள். பல்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் வலப்பக்கக் கம்பிகள் அதிகச் செங்குத்தாக நிற்கும். ரிம் நடுவில் நிற்பதற்காக அவற்றை இன்னும் விறைப்பாக இழுத்திருப்பார்கள். நகத்தால் சுண்டினால் வலப்பக்கம் உச்சத்திலும் இடப்பக்கம் சற்றுத் தாழ்ந்தும் ஒலிக்கும். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் பேசினால், கோத்தவர் கைதேர்ந்தவர் என்று அர்த்தம்.

அடுத்து, பல்சக்கரங்களின் அடுக்கான கேசட். ஹப்பின் உடம்பில் நீளவாக்கில் ஓடும் பள்ளங்களில் ஒன்று மட்டும் அகலத்தில் வேறுபட்டிருக்கும். பல்சக்கரங்கள் ஒரே ஒரு நிலையில்தான் உள்ளே இறங்கும். செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏறுவதற்காகப் பற்களில் செதுக்கிய சரிவுகள் வரிசை தப்பாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பதினோரு கியர் ஹப்பில் பழைய பத்து கியர் கேசட்டை மாட்டினால் பின்னால் 1.85 மில்லிமீட்டர் வாஷர் ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் பல்சக்கரங்கள் லொடலொடவென்று ஆடும். மேலே வரும் பூட்டு வளையத்தின் முகத்திலேயே 40 நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருப்பார்கள். அதை முறுக்கும்போது கரகரவென்று எழும் ஓசை, உள்ளே வரி வரியாகப் பிடித்துக்கொள்வதைக் காதுக்குச் சொல்கிறது.

டயர் போடுவதில் விரல்களுக்கு வேலை. வால்வுக்கு நேர் எதிரில் தொடங்கி, இரு கையாலும் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் தள்ளிக்கொண்டே வந்து, வால்வருகே முடிக்க வேண்டும். பள்ளத்தில் விட்டம் குறைவு என்பதால் அங்கே மிச்சமாகும் தளர்ச்சி, கடைசிச் சாணில் நமக்குக் கைகொடுக்கும். டயரை நெம்பும் லிவர் இல்லாமல் வெறும் கட்டைவிரல் அழுத்தத்தில் அது 'தப்' என்று உள்ளே விழும் கணம் தனி ஆனந்தம். பிறகு டியூப் எங்கும் கடிபடவில்லை என்று சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் காற்றடிக்க வேண்டும்.

சக்கரத்தை வண்டியில் நிறுத்தும் க்விக் ரிலீஸை உலகுக்குத் தந்தவர் இத்தாலியின் டுல்லியோ காம்பக்னோலோ. பனி கொட்டிய பந்தயமொன்றில் விறைத்த விரலால் நட்டைக் கழற்ற முடியாமல் போனதால் பிறந்த யோசனை என்று சைக்கிள் உலகம் சொல்லிவருகிறது. க்விக் ரிலீஸின் லிவரை நட்டைப் போலச் சுற்றி இறுக்கக் கூடாது, மடக்க வேண்டும். பாதி வழியில், அச்சுக்கு நேராக வரும்போது எதிர்ப்பு தொடங்கி, மடக்கி முடிக்கையில் உள்ளங்கையில் தடம் பதிந்தால் அது சரியான பிடி.

கடைசியாகப் பிரேக். புது ரிம் அகலமானதாக இருந்தால் கேபிளைத் தளர்த்தி, இரு பக்கமும் இடைவெளி ஒத்திருக்கச் செய்ய வேண்டும். அலுமினிய ரிம்மிலிருந்து கார்பனுக்கு மாறினால் பிரேக் கட்டையும் மாற வேண்டும். பழைய கட்டையில் புதைந்திருக்கும் அலுமினியத் துணுக்குகள் புது ரிம்மைக் கீறிவிடும். 1,478 மீட்டர் உயர நந்தி மலையிலிருந்து இறங்கும்போது, இந்தக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள பொருத்தத்தை நம்பித்தான் வளைவுகளில் திரும்புகிறோம்.

நண்பர்களே, புதுச் சக்கரம் வாங்கினால் கடையிலேயே பூட்டித் தருவார்கள். முதல் தடவை மெக்கானிக் பக்கத்தில் நின்று ஒவ்வொரு அசைவையும் பாருங்கள். அடுத்த தடவை நீங்களே பூட்டுங்கள். கொடுத்த காசுக்கு முழு மதிப்பும் அப்போதுதான் கைக்கு வரும்.