குறிப்புத்தாளில் புதைந்த எச்சரிக்கை

தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்பவர்களுக்குக் கொடுக்கப்படும் கார்பிமசோல் மாத்திரையின் குறிப்புத்தாளைப் பிரித்துப் பாருங்கள். அரிப்பு, குமட்டல், மூட்டுவலி, வெள்ளையணுக் குறைவு என எல்லாம் ஒரே பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரிசையாக நிற்கும். அதில் பொய் எதுவுமில்லை. ஆனால் முக்கியமானது எது என்பது தெரிவதில்லை.

அரிப்பு ஏறத்தாழ நூற்றில் 5 பேருக்கு வரலாம். பெரும்பாலும் எளிதில் தணியும். இரத்த வெள்ளையணுக்கள் அடியோடு குறைவதோ ஆயிரத்தில் 2 முதல் 5 பேருக்கே, அதுவும் பெரும்பாலும் முதல் 3 மாதங்களில். ஆனால் கிருமிகளை எதிர்க்கும் படையே அழிவதால் உயிருக்கே ஆபத்து.

4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை செய்யும் தைராய்டு சோதனை, மருந்தின் அளவு சரியா என்று காட்டும். இந்த ஆபத்தைக் காட்டாது. வெள்ளையணுக்கள் திடீரெனக் குறைவதால், மாதாந்தர இரத்தப் பரிசோதனைக்கும் அது தப்பிவிடலாம். காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண் ஆகியவையே எச்சரிக்கை மணி.

ஆகவே தாளின் தலைப்பில் இருக்க வேண்டியது இதுதான்: "காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் மாத்திரையை நிறுத்தி, அன்றே மருத்துவரிடம் சென்று வெள்ளையணுக்களை எண்ணச் சொல்லுங்கள்." அச்சிடுவோர் செய்யும்வரை, இம்மாத்திரை உண்பவர் வீட்டில் இருந்தால், நீங்களே இதைத் தமிழில் எழுதி மருந்துப் புட்டியில் ஒட்டிவையுங்கள்.