பின்முகம் சீவப்பட்ட வெப்லி

வெப்லி மார்க் 6 ரிவால்வர் ஒன்று கைக்கு வந்தால் பலரும் முதலில் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்ப்பார்கள். நீல மெருகு எவ்வளவு மிச்சமிருக்கிறது, எபோனைட் கைப்பிடியில் விரிசல் உண்டா என்று பார்ப்பவர்களும் உண்டு. எனக்கு அதெல்லாம் அப்புறம்தான். திறந்ததும் என் கண் போவது சிலிண்டரின் பின்முகத்துக்கு. அங்கே ஒரு மில்லிமீட்டர் சொச்சம் இரும்பு இருக்கிறதா, போய்விட்டதா? அந்தத் துப்பாக்கியின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது.

1950களிலும் 60களிலும் பிரிட்டிஷ் ராணுவம் கழித்துப்போட்ட மார்க் 6-கள் அமெரிக்காவில் மலிவாக வந்து இறங்கின. அவற்றுக்குரிய .455 தோட்டா அங்கே கிடைப்பது அரிது. .45 ஏசிபியோ எந்தக் கடையிலும் கிடைக்கும். வியாபாரிகள் சிலிண்டர்களைக் கடைசலில் மாட்டிப் பின்முகத்தைச் சீவினார்கள். அரைநிலாக் கிளிப்பில் மூன்று மூன்றாகக் கோத்த .45 தோட்டா கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ஆயிரக்கணக்கான மார்க் 6-கள் இப்படித்தான் சொந்தத் தோட்டாவை இழந்தன. இன்று அமெரிக்கச் சந்தையில் சீவாத ஒன்றைக் காண்பதே அதிசயம்.

சீவியதால் இடம் கிடைத்ததே தவிர இரும்புக்குப் பலம் கூடவில்லை. .455 தோட்டா சதுர அங்குலத்துக்குச் சுமார் 13,000 பவுண்டு அழுத்தத்துக்குள் நின்றுவிடும். .45 ஏசிபி 21,000 வரை போகலாம். பர்மிங்காம் சோதனைச் சாலை முத்திரை குத்திய எல்லையையே அது தாண்டிவிடுகிறது. போதாததற்கு, மார்க் 6-ல் சிலிண்டரின் வாய் குழலைவிடச் சற்று இறுக்கம். அடியில் குழிவிட்ட மெத்தென்ற ஈயக்குண்டு அந்த வாயில் நசுங்கி வெளிவந்து, குழலுக்குள் மறுபடி விரிந்து வரிப்பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும். அந்த 265 கிரெய்ன் குண்டை நம்பி வரைந்த வடிவம் இது. செம்புறை போட்ட .45 குண்டு நசுங்கித் தராது, முட்டும். வெடித்த சிலிண்டர்களின் படத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் நண்பர் ஒருவருக்கு அப்படிச் சீவிய மார்க் 6 ஒன்று அண்மையில் கைமாறி வந்தது. வில் உடைந்திருக்கிறது. ரிப்பேர் செய்வதா, வேறொரு சிலிண்டர் தேடி .455-க்கே திருப்பி மாற்றுவதா, இல்லை அவருடைய கடைக்காரர் சொல்கிறபடி கொடுத்துவிட்டு ஒரு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1917 வாங்கிக்கொள்வதா என்று போனில் கேட்டார். "1917-ல் .45 ஏசிபி நிம்மதியா சுடலாமே, கிளிப்பும் அதுக்குன்னே பண்ணினது" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. பக்கவாட்டில் சாயும் சிலிண்டர், பிளவே இல்லாத சட்டம், எவ்வளவு சுட்டாலும் ஆட்டம் காணாத பூட்டு. 1917-ன் பலம் வெப்லிக்குக் கிடையாது. கோல்ட் நியூ சர்வீஸ்காரர்களும் இதையே சொல்வார்கள். அவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. ஆனால் பலத்தை மட்டும் நிறுத்துப் பார்த்து ஒரு ரிவால்வரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மார்க் 6-ஐ ஒருமுறை நிதானமாகத் திறந்து பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

வலது கட்டைவிரலால் இடப்புற நெம்புகோலை அழுத்துகிறோம். மேலே வளைந்து கிடக்கும் அந்தத் தடித்த கொக்கி பின்னால் சாய்கிறது. குழல் முன்னால் மடிகிறது. மடிய மடிய, சிலிண்டரின் நடுவிலிருந்து நட்சத்திரம் எழும்பி ஆறு காலி உறைகளையும் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது. உறைகள் சரிந்து விழும் அந்த இடத்தில், கீல் இன்னும் கொஞ்சம் மடிந்ததும், நட்சத்திரம் தானாகவே 'டக்'கென்று கீழே இறங்கி உட்கார்ந்துவிடும். நாம் எதையும் தள்ள வேண்டாம், அமுக்க வேண்டாம். அந்த இறக்கத்தைப் பார்க்க மட்டுமே நான் காலித் துப்பாக்கியைப் பலமுறை திறந்து மூடுவேன். நட்சத்திரம் சீக்கிரம் இறங்கினாலோ, பாதியில் தயங்கினாலோ கீலின் நெம்பு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். திருப்பி மூடும்போது கொக்கி மேல்பட்டையைக் கவ்வும் சத்தம் ஒற்றைச் சத்தமாக இருக்க வேண்டும். இரண்டாகக் கேட்டால் ஆட்டம் வந்துவிட்டது. கொக்கி முழுதாக விழாவிட்டால் சுத்தியல் அதன் மேல்தான் மோதும், தோட்டாவைத் தொடாது. தனியாகப் பாதுகாப்புப் பூட்டு ஒன்று வைக்காமலே இதைச் சாதித்திருக்கிறார்கள்.

1887-ல் மார்க் 1 படைக்கு வந்ததிலிருந்து இந்தத் திறப்பு அடிப்படையில் மாறவில்லை. 1915-ல் மார்க் 6 வந்தபோது குழல் ஆறு அங்குலமாக நீண்டது, பறவைத்தலைப் பிடி போய்ச் சதுரப் பிடி வந்தது. சதுரப் பிடியைப் பழிப்பவர்கள் மார்க் 5-ஐத் தேடிப் போகிறார்கள். கையில் அது அழகாக அடங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் சேறு படிந்த ஈரக்கையில் வழுக்காமல் நிற்க வேண்டிய பிடி மார்க் 6-னுடையது. அகழிப் போருக்கு அதுதான் சரி. என்ஃபீல்டில் 1932-ல் வந்த .38-ஐ வெப்லியின் வாரிசு என்று சொல்பவர்களோடு மட்டும் என்னால் ஒத்துப்போக முடிவதில்லை. வடிவம் இருக்கிறது, கனமும் நிதானமும் இல்லை.

ரிப்பேருக்கு வருவோம். மார்க் 6-ல் சுத்தியலுக்கும் விசைக்கும் சேர்த்து ஒரே வில்தான். ஆங்கில 'வி' எழுத்துபோல மடித்த தட்டை வில். மேல்கை சுத்தியலை உதைக்கிறது, கீழ்க்கை விசையைத் திருப்பி அனுப்புகிறது. ஒன்றை இளக்கினால் மற்றதும் இளகும். விசை கடினமாக இருக்கிறது என்று இந்த வில்லை அரத்தால் ராவிக் கொடுத்துவிடுகிறார்கள் இப்போதைய ரிப்பேர்க்காரர்கள். சில நாள் சுகமாக இருக்கும். அப்புறம் தோட்டா வெடிக்காமல் போகும், பிறகு வில்லே ஒடியும். என் நண்பருடையதிலும் ஒடிந்த இடத்தில் ராவிய கோடு தெரிகிறது.

என் இளமையில் சென்னைத் துப்பாக்கிக் கடை ஒன்றில் வயதான ஒருவர் வேலை செய்தார். எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த ரிவால்வரைக் காதருகே வைத்துச் சுத்தியலை மெல்லப் பின்னிழுப்பார். எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். "வில்லுல அரம் வைக்காதே தம்பி. பதம் பாத்துப் புதுசு அடி, இல்லேன்னா தொடாம விடு" என்பார். வில்லைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, பிறகு மறுபடி சூடேற்றி, நிறம் நீலத்துக்கு வரும்போது நிறுத்துவார். அந்தப் பொறுமை உள்ள கைகள் இன்று எத்தனை? உதிரியை வாங்கி மாட்டுவதையே ரிப்பேர் என்கிறார்கள். உரசிப் பொருத்துவது என்ற வேலையே போய்விட்டது.

சீவாத சிலிண்டர் வாங்கி .455-க்குத் திருப்புவது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பின்முகத்துப் பற்களும் அவற்றைத் தள்ளும் நகமும் ஒன்றுக்கொன்று பார்த்துப் பொருத்தியவை. அடுத்த துப்பாக்கியின் சிலிண்டர் பெரும்பாலும் அரைமயிர் முந்தியோ பிந்தியோ நிற்கும். சட்டத்தில் ஒரு எண், சிலிண்டரில் இன்னொரு எண் என்றும் ஆகிவிடும். ஆகவே நண்பரிடம் நான் சொன்னது இது: நல்ல கையால் புது வில் போடுங்கள், சிலிண்டரை அப்படியே விடுங்கள், .45 ஆட்டோ ரிம் உறையில் .455-ன் அழுத்தத்தைத் தாண்டாத ஈயக்குண்டுத் தோட்டா மட்டும் கொடுங்கள். ஆட்டோ ரிம்மின் விளிம்பு தடிமனானது, சீவிய இடத்தைச் சரியாக நிரப்பும். கடையில் பெட்டியாக விற்கும் ஆட்டோ ரிம் 1917-க்காகச் செய்தது, அதுவும் வேண்டாம். மாற்றிக்கொள்ளும் யோசனையை விட்டுவிடுங்கள். சீவிய வெப்லிக்குக் கடைக்காரர் தரும் விலை, அது தரும் சந்தோஷத்துக்கு ஈடாகாது.

பிறந்த ஊரில் இந்தத் துப்பாக்கிகளின் கதி இன்னும் மோசம். டன்பிளேன் பள்ளிப் படுகொலைக்குப் பின் 1997-ல் வந்த சட்டங்களால் பிரிட்டனில் கைத்துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டு உருக்கப்பட்டன. அந்தத் துயரத்தின் முன் ரசிகன் வாய் திறக்க முடியாது. சரித்திர மதிப்புள்ளவற்றைக் காக்க அச்சட்டத்தில் ஏழாம் பிரிவு என்று ஒரு வாசல் வைத்தார்கள், அதற்கு நன்றி.

நம் ஊரில் படைக்குரிய அளவுகளைச் சட்டம் விலக்கி வைத்திருப்பதால் வீடுகளில் மிஞ்சியிருப்பவை .32 வெப்லிகள்தாம். கான்பூர் .32-ம் அந்த வம்சமே. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. மூன்றில் ஒன்றை விட வேண்டும் என்றதும் பல வீடுகளில் முதலில் போனது தாத்தாவின் ரிவால்வர். தேர்தலுக்குத் தேர்தல் ஒப்படைத்து, எண்ணெய் காணாமல் இருட்டறையில் கிடந்து துரு ஏறித் திரும்பியவற்றையும் பார்த்திருக்கிறேன். மாற்றும் வேலையும் ரிப்பேரும் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் உள்ளவர் கையில்தான் நடக்கலாம்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு .32 வெப்லி இருந்தால், தேர்தலுக்காக ஒப்படைப்பதற்கு முந்தின நாள் காலி செய்து, நட்சத்திரத்தின் அடியிலும் கீலிலும் எண்ணெய் விட்டுக் கொடுங்கள். திரும்பி வந்ததும் வேறு யாரையும் தொடவிடாமல், லைசென்ஸ் உள்ள நல்ல கைகாரரிடம் ஒருமுறை காட்டுங்கள். வில்லை ராவித் தருகிறேன் என்று அவர் சொன்னால் வேறொருவரைத் தேடுங்கள்.