கணக்கு வைத்திருந்த பிள்ளைகள்

எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஓர் இரங்கற்கவிதை எழுதினேன். எங்கள் காலனியில் 16 வயதில் எலும்புப் புற்றுநோயால் செத்துப்போன ஒரு பையனைப் பற்றியது. சிற்றிதழ் ஒன்றில் வந்தது. நாலைந்து நண்பர்கள் பாராட்டினார்கள். அந்தத் திமிரில் இதழை எடுத்துக்கொண்டுபோய் அவன் அம்மாவுக்கே வாசித்துக் காட்டினேன். அக்கா அப்போது ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. முழுசும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "யாரப் பத்தி எழுதிகீற தம்பி? எம்புள்ள எப்ப மல்லிப்பூவா இருந்தான்? வாயத் தொறந்தா எல்லாரையும் வைவானே. இதுல அவன எங்க காணோம்?"

இதுவரை எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதுதான் கறாரானது. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கவிதையை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். உதிர்ந்த மொட்டு இருக்கிறது, அணைந்த விளக்கு இருக்கிறது, காமாட்சி கோயில் கோபுரத்துப் புறா இருக்கிறது. தறி இல்லை, முன்பணம் இல்லை, வீங்கிய முழங்கால் இல்லை. சேரி என்ற சொல்லே இல்லை. அவன் அந்தக் கோயிலுக்குள் போய் நான் பார்த்ததுகூடக் கிடையாது. காஞ்சிபுரம் என்றால் கோபுரம் என்று கை தானாக எழுதியிருக்கிறது. அத்திவரதரை 40 ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எடுத்து 1979-லும் 2019-லும் நினைவுகூர்ந்த ஊரில் பிறந்தவனுக்கு, பக்கத்து வீட்டுப் பையனை நினைவுகூரத் தெரியவில்லை.

இந்தப் பூ பாஷையை எங்கே கற்றேன்? வகுப்பில் பாதி, சினிமாக் கொட்டகையில் பாதி. கையறுநிலைத் துறையை உருகி உருகி நடத்தினார்கள். செத்தவன் தலைவனாக, வள்ளலாக இருப்பான். பாடுகிறவன் அவனை நம்பிப் பிழைத்தவனாக இருப்பான். கபிலர் பாரிக்காக அழுதது நிஜமான அழுகைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பறம்பு மலையில் யாரோ ஒரு கூலிக்காரன் மகன் செத்திருந்தால் அவனை வைத்து அழ அந்தத் துறை இடம் தரவில்லை. சினிமாவோ புற்றுநோயைக் காதலர்களுக்கான நோயாக்கிவிட்டது. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962-ல் வந்தது. 1982-ல் மட்டும் 'பயணங்கள் முடிவதில்லை', 'வாழ்வே மாயம்' என்று இரண்டு. நோய் இவற்றில் காதலைத் தியாகமாக மாற்றித்தரும் ஏற்பாடு, அவ்வளவுதான். வலி உண்டு, நாற்றம் கிடையாது. ஆஸ்பத்திரி உண்டு, பஸ் டிக்கெட் கிடையாது. வேலைக்குப் போகாத நாளின் கூலி பற்றிய பேச்சே கிடையாது. ('நீர்க்குமிழி'யில் நாகேஷ் சிரிக்கிற சிரிப்பு கொஞ்சம் வேறு மாதிரி. அதை விட்டுவிடலாம்.)

அவன் செத்த அன்று அக்கா வைத்த ஒப்பாரியை நானும் உட்கார்ந்து கேட்டேன். எந்த மாசம் கால் வீங்கியது, யார் நீவிவிட்டது, யார் பணம் கொடுத்தது, கதவைச் சாத்தியது யார், எல்லாம் வரிசையாக வந்தது. நடுவில் மகனுக்கும் திட்டு விழுந்தது, சொல்லாமல் வலியை மறைத்ததற்கு. நாட்டார் வழக்காற்றியல் பாடத்தில் ஒப்பாரியை இழப்பின் பாடல் என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். அன்று கேட்டது குற்றப்பத்திரிகை. கேட்டுவிட்டு வந்துதான் மல்லிகைப்பூ எழுதியிருக்கிறேன்.

இனி அவனைப் பற்றி. பெயர் சொல்லவில்லை, காரணம் கடைசியில் வரும். 9 வயதில் தறிக்குப் போனான். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நெய்கிறவர் ஒருவர் என்றால், கரைக்கு நாடா தள்ளப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் சிறுபிள்ளை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது, குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல். பட்டுத் தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றி ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு முன்பணத்துக்காகத் தறிக்குப் போனவன் அவன். பெரியவர்களை எதிர்த்துப் பேசுவான். டீக்கடையில் தனி டம்ளரை உடைத்தவன் என்று ஒரு பேச்சு உண்டு. அவனிடம் கேட்டதற்கு, "கை தவறிச்சி" என்று சிரித்தான்.

14 வயதில் முழங்காலில் வலி. அதற்குள் அவனே குழித்தறியில் உட்கார்ந்து நெய்யத் தொடங்கியிருந்தான். மிதித்து மிதித்து வந்த வலி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எண்ணெய் போட்டு நீவினார்கள், கட்டுப் போட்டார்கள். எலும்புப் புற்று வளர்கிற வயதில்தான், முழங்காலை ஒட்டித்தான் அதிகம் வரும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டது எல்லாம் முடிந்த பிறகு. பரவுவதற்கு முன் பிடித்து மருந்தும் அறுவையும் சரியாகக் கிடைத்தால் பத்தில் ஆறேழு பேர் பிழைக்கிறார்கள். நுரையீரலுக்குப் போய்விட்டால் நம்பிக்கை மிகவும் குறைவு. அவனுக்கு எட்டு மாதம் எண்ணெயிலேயே போனது. லீவு கேட்டால் முன்பணத்தைக் கீழே வை என்பார்கள். தறி வேலைதான் அந்த நோயைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரமில்லை. அந்த எட்டு மாதத்தைத் தின்றது தறி.

புற்றுநோய்ச் சாவை நினைவில் வைக்கத் தெரியாத ஊரல்ல இது. இங்கே நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா 1969 பிப்ரவரி 3-ல் புற்றுநோயால் இறந்தார். காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை அவர் பெயரில்தான் இருக்கிறது. சென்னையில் முத்துலட்சுமி ரெட்டிக்குத் தன் தங்கை புற்றுநோயில் செத்த துக்கம் தீரவில்லை. அது 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. நம் பிள்ளைகளும் அங்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறார்கள். அந்தக் கடனை மறுக்க முடியாது. முத்துலட்சுமி பிறக்காத வீடுகளின் துக்கம் எங்கே போகிறது என்றுதான் கேட்கிறேன்.

உலகத்துக்கே தெரிந்த ஒரு பிள்ளை சடாகோ சசாகி. ஹிரோஷிமாவில் முடிதிருத்தும் கடைக்காரரின் மகள். 1945-ல் குண்டு விழுந்தபோது வயது 2. பள்ளியில் தொடர் ஓட்டக்காரி. 1955 அக்டோபர் 25-ல் ரத்தப் புற்றுநோயில் இறந்தபோது 12. ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கையில், மருந்து மடித்துவந்த காகிதத்தைக்கூட விடாமல் மடித்தாள். எலினோர் கோயர் 1977-ல் எழுதிய புத்தகத்தில் அவள் 644-உடன் செத்துப்போகிறாள். மீதியைக் கூடப் படித்தவர்கள் மடிக்கிறார்கள். அவள் அண்ணன் சொல்வது வேறு: ஆயிரத்தைத் தாண்டியும் மடித்தாள். இரண்டுக்கும் நடுவில்தான் அரசியல் இருக்கிறது. முடிக்காமல் செத்தால் பரிதாபம் கூடும், கண்ணீர் சுலபமாக வரும். ஆயிரம் மடித்தும் பிழைக்கவில்லை என்றால் வாசகன் குண்டு போட்டவனைப் பற்றி யோசிக்க வேண்டிவரும்.

இன்னொன்று என்னை உலுக்கியது. நோயின் பெயரை அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் தன் ரத்தப் பரிசோதனை எண்களை அவள் ரகசியமாகக் குறித்து வைத்திருந்தாள். செத்த பிறகு அந்தத் தாள் கிடைத்தது. ஒன்றும் அறியாத குழந்தை என்று நாம் பாடிக்கொண்டிருக்கிறோம், அவளோ கணக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அமெரிக்காவில் எஸ்தர் ஏர்ல் 2010-ல் தைராய்டு புற்றுநோயில் இறந்தபோது வயது 16. எங்கள் பையனின் வயது. ஜான் கிரீன் 2012-ல் வந்த தன் நாவலை அவளுக்குக் காணிக்கையாக்கினார்; ஆனால் நாவலின் நாயகி எஸ்தர் இல்லை என்று அவரே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது, என்னிடம் இல்லாததால். 2014-ல் அவளுடைய நாட்குறிப்பும் கடிதங்களும் படங்களும் தொகுத்து வெளியிட்டார்கள். அதில் அவளே பேசுகிறாள். அப்படிப் பேச ஒரு பிள்ளைக்கு நோட்டு வேண்டும், எழுத நேரம் வேண்டும், செத்த பிறகு அச்சுக்குக் கொண்டுபோகப் படித்த பெற்றோர் வேண்டும். 1992-ல் 'கருக்கு' வந்த பிறகு தலித் தன்வரலாறுகள் நிறைய வந்துவிட்டன. நாம் பெருமைப்படலாம்தான். ஆனால் தன்வரலாறு எழுத உயிரோடு இருக்க வேண்டும்.

நோட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பையனும் ஒன்று வைத்திருந்தான். போன மாதம் அக்கா எடுத்துக் காட்டினார். எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டு. பின்பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறான். எத்தனை புடவை, எவ்வளவு பிடித்தம், முன்பணத்தில் மீதி எவ்வளவு. காலில் வலி வந்த பிறகு, போகாத நாட்களுக்குச் சின்னச் சின்னப் பெருக்கல் குறி. நடுநடுவே கெட்ட வார்த்தைகள், எழுத்துப்பிழையோடு. கடைசிப் பக்கத்தில் மீதித் தொகைக்குக் கீழே இரண்டு கோடு. என் கவிதையில் இல்லாத பையன் முழுசாக அதில் இருந்தான்.

இதழில் அப்படியே போடலாம், கொடுங்கள் அக்கா என்று கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "அதுல மொதலாளி பேரு கீது தம்பி. பெரியவன் இன்னும் அவுரு தறியிலதான் நெய்யறான். நீ வேணா இன்னொரு பூக்கவிதை எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு, நோட்டை வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.